அறுபது அடிப் பாட்டு

டிரெய்லருக்கு எங்களுக்குக் கொடுத்த நேரம் ஒன்றரை நிமிடம். அடிக் கணக்கில் நூற்று முப்பத்தைந்து. ஃபிலிம் வெளிநாட்டுச் சரக்கு, தட்டுப்பாடு. அதனால் முதலில் காகிதத்தில் திட்டம் போட வேண்டும். எந்த ஷாட் எத்தனை அடி, அதில் என்ன தெரியும், என்ன கேட்கும் என்று எழுதி எங்கள் ஆசிரியர் குருநாதன் சாரிடம் கையெழுத்து வாங்கினால்தான் ஸ்டோரில் ஃபிலிம் டப்பாவை எடுத்துக் கொடுப்பார்கள்.

1964 ஜனவரி. நானும் சேனாதிபதியும் சென்னையில் சினிமாத் தொழில் படித்துக்கொண்டிருந்தோம். கடைசி வருஷம். எனக்கு டைரக்‌ஷன், அவனுக்குக் கேமரா. எங்கள் பரீட்சைப் படம் பத்து நிமிடம் ஓடும் பாட்டுப் படம். பூண்டு விளையும் மலை ஊரிலிருந்து ஒரு பெண் கீழ்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கதை. வசனம் கிடையாது, பாட்டுத்தான். அக்டோபரில் கோடைக்கானல் பக்கம் போளூரில் எடுத்து முடித்தோம். டிரெய்லர் தனிப் பரீட்சை. அதற்கு இடம் பார்க்கவும் நேரம் குறிக்கவும் மறுபடி கோடைக்கானல் ஏறினோம்.

பாட்டைப் பாடியவள் தமயந்தி. என் மனைவி. நவம்பர் இருபதாம் தேதி பழனியில் இறந்துவிட்டாள்.

அவள் பாடியது டிராக். பெரிய பாடகியின் தேதி கிடைக்கும்வரை வேறு யாராவது பாடி வைப்பார்கள். அந்தக் குரலை ஓடவிட்டுப் படம் பிடிப்போம். பிறகு பாடகி வந்து பாடுவார். டிராக் டேப்பை ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். அழித்துவிட்டு ஜூனியர் பையன்களுக்குக் கொடுப்பார்கள். டேப்பும் வெளிநாட்டுச் சரக்குதான். ஸ்டோர்க்காரரிடம் அந்த ஒரு ரீலை விலைக்குக் கேட்டேன். பதிவேட்டில் இருக்கும் பொருளை விற்க முடியாது என்றார். நகல் எடுக்க வேறு டேப் கேட்டேன். அதுவும் இல்லை. நல்ல மனிதர்தான். காப்பி வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் பாடகி ஜனவரி இருபதாம் தேதி வருவதாக இருந்தது. டிரெய்லர் அதற்கு முன்பே முடியவேண்டும். அதனால் டிரெய்லரில் மட்டும் டிராக் குரலை வைத்துக்கொள்ளச் சொன்னார் குருநாதன் சார். திட்டத்தில் பாட்டுக்கு நாற்பது விநாடி ஒதுக்கியிருந்தேன். அறுபது அடி. ஃபிலிமில் ஏறிவிட்டால் அதை யாரும் அழிக்க மாட்டார்கள். மூன்று நிமிடம் இருபது விநாடிப் பாட்டில் எந்த நாற்பது விநாடி என்பதை நான் முடிவு செய்தாக வேண்டும். திங்கட்கிழமைக்குள்.

பல்லவியை எடுத்துக்கொள் என்று சேனாதிபதி சொன்னான். பாட்டை எழுதியது அவன். பாட்டு சுமார்தான், பல்லவி மட்டும் தேறும். எனக்கு இரண்டாவது சரணம் வேண்டும். அங்கே தமயந்தி அரைத் தாளம் தாமதமாக எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் மூச்சு வாங்கியது மைக்கில் விழுந்திருக்கிறது. பதிந்த அன்று ஒலிப்பதிவாளர் திரும்பப் பாடச் சொன்னார். டிராக்தானே என்று விட்டுவிட்டோம்.

டேப்பையும் பேட்டரியில் ஓடும் சின்ன டேப் மெஷினையும் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலை போளூர் போனோம். பழனிமுத்துவின் காய்கறி லாரி பாதி தூரம், மீதி நடை. ஊருக்குக் கீழே பூண்டு வயலில் ஏழு பெண்கள், ஒருத்தி தவிர எல்லாரும் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்டோபரில் எங்கள் படத்தில் வரிசையாக நடந்தவர்கள். சேனாதிபதி லைட் மீட்டரோடு மேட்டுக்கு ஏறிவிட்டான். நான் வரப்பில் மெஷினை வைத்துப் பாட்டை ஓடவிட்டேன். எந்த அடியில் எந்த ஷாட் மாற வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். பாட்டை நான் கேட்கவில்லை. நேரத்தை மட்டும் பார்த்தேன். இரண்டு மாதமாக அப்படித்தான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் கருப்பம்மாள் நிமிர்ந்தாள். ஐம்பது வயது இருக்கும், அந்த வயல் அவளுடையது. படப்பிடிப்பு நடந்த நாலு நாளும் அவள் வீட்டில்தான் நானும் தமயந்தியும் தங்கினோம்.

"என்ன தம்பி, ஒத்தையில வந்திருக்கீங்க? எங்க அந்தப் பிள்ள?"

"வீட்டுல இருக்கா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இறந்துவிட்டாள் என்பதை அதற்குள் எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தேன். தபால்காரரிடம்கூடச் சொன்னேன். அன்று வாயில் வரவில்லை.

கருப்பம்மாள் மண் ஒட்டிய விரல்களை மடக்கி எண்ணினாள். அப்படியானால் ஏழு மாசம் என்றாள். அவள் மகள் சோலையம்மாளுக்கும் ஏழு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அக்டோபரில் இருவருக்கும் நாலாவது மாசம். பாறைமேல் உட்கார்ந்து ஒரே கிண்ணத்தில் மாங்காய் ஊறுகாய் தின்றுகொண்டிருப்பார்கள். இப்போது சோலையம்மாள் வரப்பில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கை நிறைய வளையல்.

மெஷினில் பேசினால் தமயந்தி அக்காவுக்குக் கேட்குமா என்று அவள்தான் கேட்டாள்.

பதிந்து கொண்டுபோய்ப் போட்டால் கேட்கும் என்றேன். வேறு என்ன சொல்வது? கையில் இருந்தது ஒரே ரீல். பாட்டு முடிந்து நின்றிருந்தது. ரீலை எடுத்துத் திருப்பிப் போட்டேன். மைக்கை நீட்டினேன்.

ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். உன் புருஷன் இப்படி இளைத்துக் கிடக்கிறாரே, சோறு போடாமல் விரட்டிவிட்டாயா என்று இருளாயி கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். கீழே வெயிலில் அலையாதே என்றாள் கருப்பம்மாள். ஆணோ பெண்ணோ பிறந்ததும் ஒரு கடுதாசி போடச் சொல், லாரிக்காரரிடம் கொடுத்தால் வந்துவிடும் என்றாள். கடைசியாகச் சோலையம்மாள் மைக்கை வாயோடு வைத்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கு வளையல் போட்டாச்சா? எனக்குப் போட்டுட்டாங்க. ராத்திரி திரும்பிப் படுக்க முடியல. உங்களுக்கும் அப்பிடித்தானா?"

அதற்குமேல் அவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. நான் மெஷினை நிறுத்தினேன். இரண்டு நிமிடம் ஓடியிருந்தது.

சாயங்காலம் கோடைக்கானல் திரும்பினோம். பஜாரில் உருளைக்கிழங்கு மண்டிக்கு மேலே எங்கள் அறை. சேனாதிபதி கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் திண்டுக்கல்காரன், எதையாவது பேசிக்கொண்டே இருப்பான். வயலில் என்ன அவ்வளவு சிரிப்பு, மேட்டுவரைக்கும் கேட்டதே என்றான். நடந்ததைச் சொன்னேன். வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னதையும் சொன்னேன். அவன் துணியைக் கீழே வைத்தான்.

"எதுலடா பதிஞ்ச?"

"டேப்போட பின்பக்கத்துல."

"ஏலே, ஸ்டுடியோ டேப்புக்கு ஏதுடா பின்பக்கம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன மெஷின் டேப்பின் பாதி அகலத்தில் மட்டும் பதியும். திருப்பிப் போட்டால் மறு பாதியில் பதியும். அதனால் அந்த டேப்புக்குப் பின்பக்கம் உண்டு. ஸ்டுடியோ மெஷின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். அதில் பதிந்த டேப்பில் காலி இடம் கிடையாது. நான் தமயந்தியின் குரலில் பாதியை அழித்துவிட்டு அந்த இடத்தில் போளூர்ப் பெண்களைப் பேசவிட்டிருந்தேன். சின்ன மெஷினில் போட்டால் வித்தியாசம் தெரியாது, அது பாதி அகலத்தைத்தான் படிக்கும். சென்னையில் ஸ்டுடியோ மெஷினில் ஏற்றி ஃபிலிமுக்கு மாற்றும்போது, அவள் பாட்டுக்கு மேலே இவர்கள் பேச்சு பின்னாலிருந்து முன்னால் கேட்கும். கடைசி இரண்டு நிமிடம் முழுக்க. இரண்டாவது சரணம் அதற்குள்தான் வருகிறது.

இரண்டாம் வருஷப் பரீட்சையில் இது ஒரு கேள்வி. சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

சேனாதிபதி சிறிது நேரம் அறைக்குள் நடந்தான். பிறகு வழி சொன்னான். மைக்கைக் கழற்றிவிட்டு அதே பக்கத்தில் ரெக்கார்டு விசையை அமுக்கி இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். அந்தப் பாதியில் உள்ள பேச்சு அழிந்து வெறுமையாகிவிடும். மறு பாதியில் தமயந்தி இருப்பாள். சத்தம் கொஞ்சம் மெலிந்திருக்கும், ஏற்றிக்கொள்ளலாம். ஒரே பயம், டேப் ஓடும்போது மயிரிழை விலகினாலும் தமயந்தி குரலின் ஓரத்தையும் தின்றுவிடும். பேட்டரி புதிதாக இருக்க வேண்டும். பெட்டியில் புது பேட்டரி இருந்தது.

"இப்பவே செஞ்சிரு," என்றான்.

"நாளைக்கு."

"நாளைக்கு என்ன, நல்ல நாளா?"

நான் டேப்பைத் திருப்பிப் போட்டு அந்தப் பெண்களின் பேச்சைக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். இருளாயி கேலி செய்கிறாள். கருப்பம்மாள் கடுதாசி கேட்கிறாள். சோலையம்மாள் வளையல் போட்டாயா என்கிறாள். பதில் வருவதற்கு இடம் விட்டு விட்டுப் பேசுகிறார்கள். தமயந்தி இருக்கிறாள் என்று நம்பிப் பேச உலகத்தில் மிச்சம் இருந்தவர்கள் அந்த ஏழு பேர்தான். அழிப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

சேனாதிபதி மெஷினை அணைத்தான்.

"அவங்களுக்குத்தான் தெரியாது. உனக்குத் தெரியுமில்ல?" என்றான். சண்டைக்காரன் குரல் இல்லை அது.

அவர்களிடம் சொல்லாமல் அழிக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் போய்ச் சொல் என்றான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

வெள்ளனே லாரி பிடித்தேன். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஒட்டன்சத்திரம் சந்தையில் கோஸ் விலை படுத்துவிட்டதைப் பற்றிப் பழனிமுத்து வழியெல்லாம் பேசினார். லாரி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. அக்டோபரிலும் இதே லாரி, இதே பள்ளங்கள். தமயந்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து வந்தாள். தானே வருவதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வயலில் கருப்பம்மாள் முன்னாலேயே வந்திருந்தாள். மற்றவர்கள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சோலையம்மாள் வீட்டில் இருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

"நேத்து நான் சொன்னது பொய்ங்க. அவ இல்ல. நவம்பர்லயே போயிட்டா. பிள்ளையும் தங்கல."

கருப்பம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை, அலறவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க வந்துட்டுப் போன மறு மாசமா?"

"ஆமா."

"அந்த லாரியில வயித்துப் பிள்ளக்காரியக் கூட்டிட்டு வந்தீங்களேன்னு அவுங்க ஆத்தா கேக்கலையா?"

"கேட்டாங்க."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மற்ற பெண்கள் வந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள். யார் யாரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை, எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இருளாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கேலி பேசியது நினைவு வந்திருக்கும்.

"போய்ச் சேந்தவகிட்ட வளையல் போட்டியான்னு எம் மகளக் கேக்க வச்சிட்டீங்க," என்றாள் கருப்பம்மாள். குரல் உயரவில்லை. "ஏழு மாசக்காரி அவ. உங்களுக்கு வாயில ஒரு வார்த்த வரலையா தம்பி?"

நான் மெஷினை வரப்பில் இறக்கி வைத்தேன்.

"அத அழிங்க."

அதற்குத்தான் வந்தேன் என்றேன். மெஷினைத் திறக்கப் போனேன். இருக்கச் சொன்னாள். சாவுச் சேதி கேட்டால் தலை முழுக வேண்டும், முழுகாமல் எதையும் தொடக்கூடாது என்றாள். உறவுக்காரர்கள்தானே முழுகுவார்கள், இந்தக் குளிரில் எதற்கு என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

"நாலு நாள் எங்க வீட்டுல தின்னா, படுத்தா. அதெல்லாம் நீங்க சொல்லக் கூடாது."

வயலுக்குக் கீழே ஓடை. ஓரமெல்லாம் பனி விலகவில்லை. கருப்பம்மாள் கட்டிய சேலையோடு இறங்கி மூன்று முறை முங்கினாள். பின்னால் இருளாயி, பிறகு மற்றவர்கள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் வரப்பில் நின்றேன். பழனியில் காரியம் நடந்த பதினாறு நாளும் நான் குளித்தேன், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், சொன்னதையெல்லாம் செய்தேன். எதுவும் மேலே படவில்லை. இப்போது அந்தப் பெண்கள் நடுங்கிக்கொண்டு கரையேறுவதைப் பார்த்ததும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கருப்பம்மாள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து எதிரே உட்கார்ந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ம். செய்ங்க."

புது பேட்டரி போட்டேன். மைக்கைக் கழற்றினேன். டேப்பைத் திருப்பி, இரண்டு தடவை சரிபார்த்து, விசையை அமுக்கினேன். மைக் இல்லை, எதுவும் பதியாது, பேசலாம் என்று சொன்னேன். இரண்டு நிமிடம் ரீல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் கூடுதலாகவே ஓடவிட்டு நிறுத்தினேன்.

பிறகு பாட்டின் பக்கம் திருப்பி இரண்டாவது சரணத்துக்குக் கொண்டுபோனேன். விசையை அமுக்கும் முன்னால் கை நின்றது. அவள் அங்கே இல்லாமல் இருக்கலாம். பாதி இருக்கலாம். ஏதாவது ஒரு எழுத்து தின்னப்பட்டிருக்கலாம்.

அமுக்கினேன். ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு மூச்சு வாங்கும் சத்தம். அரைத் தாளம் தள்ளி அவள் எடுத்தாள். நேற்றைவிடக் கொஞ்சம் தூரத்தில் இருப்பதுபோல் இருந்தது. எல்லா எழுத்தும் இருந்தன. நிறுத்திவிட்டேன். நோட்டில் குறித்துக்கொண்டேன்: இரண்டு நிமிடம் பத்து விநாடியிலிருந்து இரண்டு ஐம்பது வரை. அறுபது அடி.

அவ்வளவுதானா என்று கருப்பம்மாள் கேட்டாள். படத்தில் வருவது அவ்வளவுதான் என்றேன்.

"மிச்சப் பாட்டு?"

"திருப்பிக் குடுத்துரணும். அழிச்சிருவாங்க."

அவள் என்னை நம்பாததுபோல் பார்த்தாள். நேற்றைய பொய்யைவிட இது அவளுக்குப் பெரிய பொய்யாகத் தெரிந்திருக்க வேண்டும். நான் டேப், ஸ்டோர், பதிவேடு என்று சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"முழுசாப் போடுங்க. கேட்டுட்டு எந்திரிக்கிறோம்."

முதலிலிருந்து போட்டேன். சத்தத்தை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றினேன். நவம்பருக்குப் பிறகு நான் அதை முழுதாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. பல்லவியில் அவள் குரல் கொஞ்சம் பயந்திருக்கிறது. இரண்டாம் முறை வரும்போது பயம் போய்விடுகிறது. இதை நான் முன்பு கவனிக்கவில்லை. ஈரச் சேலையோடு ஏழு பேர் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் அல்ல, ஆறு பேர். சோலையம்மாள் இல்லை.

முதல் சரணம் முடியும்போது மேலே வீட்டு வாசலில் அவள் வந்து நின்றாள். பாட்டுச் சத்தம் எட்டியிருக்கிறது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். எல்லாரும் ஏன் நனைந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. படியில் இரண்டு அடி இறங்கினாள்.

"அண்ணே, அக்கா வந்திருக்காங்களா?"

நான் எழுந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். கருப்பம்மாள் என் முழங்கையைப் பிடித்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"வரல," என்று அவளே மகளுக்குக் குரல் கொடுத்தாள். "பிள்ள பெத்துட்டு வருவாளாம். பனியில நிக்காத, உள்ள போ."

சோலையம்மாள் சிரித்தாள். உள்ளே போகவில்லை. படியிலேயே உட்கார்ந்து பாட்டைக் கேட்டாள். கருப்பம்மாள் என் முழங்கையை விடாமல் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தமயந்தி மூச்சு வாங்கினாள்.